சூரியனுக்கு முதுகு காட்டி ஒருவர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

கீழே ஒரு படம் போட்டிருக்கிறேன். வீராணம் ஏரியில் சூரியன் மறைகிற படம். அடிவானம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஒரு மூலையில் என் விரலும் விழுந்திருக்கிறது. எனக்கு வயது 66. நான் எடுத்த முதல் அந்திப் படம் இது. படம் எடுத்தது மட்டுமல்ல, தண்ணீருக்கு மேலே சூரியன் இறங்கி மறைவதை முழுசாக நின்று பார்த்ததே இதுதான் முதல் தடவை என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து வேலைக்கு வந்தவள் நான். 31 வருடம் நடுநிலைப்பள்ளி. கன்னியாகுமரிக்கு மட்டும் ஒன்பது தடவை பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். ஒன்பது தடவையும் சாயங்காலம் கடற்கரையில் நின்றிருக்கிறேன். ஒரு தடவையும் சூரியனைப் பார்த்ததில்லை. தடுப்புச் சுவரில் சாய்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு இருக்கிறதா, நாற்பத்தைந்தா? அந்தச் சிவப்புப் பாவாடை நம் பிள்ளையா, வேறு பள்ளிப் பிள்ளையா? “டீச்சர், அங்க பாருங்க, அங்க பாருங்க” என்று அவர்கள் கத்துவார்கள். “பாத்துட்டேன், பாத்துட்டேன்” என்று பொய் சொல்வேன்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை? சொல்கிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருவன் லாரி ஓட்டுகிறான். ஒருத்தி அரசு மருத்துவமனையில் செவிலியர். ஒருவன் ஏரிக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் போடவில்லை. பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அந்தத் தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கலாம் என்று முடிவு செய்து, என்னையும் கூப்பிட்டார்கள். “டென்டுக்குள்ள என்னால குனிஞ்சு போக முடியாதுடா” என்றேன். “உங்களுக்குக் கயித்துக் கட்டில் போட்டாச்சு டீச்சர்” என்றான் தோப்புக்காரன். பழைய மாணவர்கள் பதினொரு பேர், அவர்கள் வீட்டார் மூன்று பேர், குழந்தைகள் ஏழு. ஆக 21. என்னோடு 22. பார்த்தீர்களா, எண்ணும் புத்தி இன்னும் போகவில்லை.

வீராணத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் வீராணம் ஆயிற்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இந்த ஏரிக்கரையில்தான், அதுவும் ஒரு சாயங்காலத்தில்தான். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இங்கே வருகிறது. கரையின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பக்கத்துச் சமவெளி மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்த பூமி. ஓடிவரும் தண்ணீரை மறிக்க வேண்டுமானால் கிழக்கே கரை போடவேண்டும். அதனால் பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. சாயங்காலம் எந்த ஏரிக்கரையில் ஏறி நின்றாலும் எதிரே தண்ணீர், அதன்மேல் இறங்குகிற சூரியன். கிழக்குக் கடற்கரைக்காரர்களாகிய நமக்குக் கடலில் கிடைப்பது சூரியோதயம்தான். அந்திச் சூரியனைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்க நமக்கு ஏரிக்கரைகள் இருக்கின்றன. இதற்காக யாரும் கேரளாவுக்கும் கோவாவுக்கும் போகவேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லோரும் தோப்பிலிருந்து கரைமேல் ஏறினோம். கரைமேல் சாலை போகிறது. பேருந்து, டிராக்டர், கரும்பு லாரி எல்லாம் போகும். அந்தப் பக்கம் கல் பாவிய சரிவு, அதன் கீழே தண்ணீர். சூரியன் இறங்க இறங்க ஒவ்வொரு கையிலும் ஒரு போன். குழந்தைகள் கையிலும் போன். யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு அழகு. நீர்க்காகங்கள் வரிசையாகப் பறக்கின்றன. தண்ணீரில் நீளமாகத் தங்கப் பாதை. அதைப் படம் எடுக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் என் கால்கள் தானாகவே பழைய இடத்துக்குப் போய்விட்டன. வரிசையின் ஒரு முனைக்குப் போய், சூரியனை விட்டுத் திரும்பி, எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மறுபடி எண்ணினேன். இருபதுதான்.

செவிலியராக இருக்கிறாளே, அவள் மகன். பதினான்கு வயது. தண்ணீரில் விழும் பிம்பம் நன்றாக வரவேண்டும் என்று கற்சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்டான். இரண்டு கையிலும் போன். கண் திரையில். கால் ஒவ்வொரு கல்லாகக் கீழே போகிறது. கீழ்க்கல் எல்லாம் பாசி. அவன் அம்மா அவனுக்கு நேர் மேலேதான் நிற்கிறாள். அவளும் சூரியனைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“மேலே வா” என்று நான் கத்தவில்லை. அப்படிக் கத்தினால் பிள்ளைகள் சட்டென்று திரும்புவார்கள், திரும்பும்போதுதான் வழுக்கும். “டேய், அப்படியே உக்காரு!” என்றேன். வகுப்பறைக் குரல் இன்னும் இருக்கிறது. யோசிக்காமல் உட்கார்ந்தான். உட்கார்ந்தபோதே ஒரு கால் சறுக்கி முழங்கால் வரை தண்ணீருக்குள் போனது. உட்கார்ந்திருந்ததால் அதோடு நின்றது. அவன் அப்பா கல்லைப் பிடித்து இறங்கிப்போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினார். ஒரு செருப்புதான் போனது.

அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோழிக்குழம்பு அப்படியே இருந்தது. அவன் அம்மா மட்டும் திரும்பத் திரும்ப, “நான் பக்கத்துலதான் டீச்சர் நின்னேன், பக்கத்துலதான் நின்னேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம், பத்து வருடமாக நான் யாரிடமும் சரியாகப் பேசாத ஒன்றைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்த பையன் ஒருவன். இவர்களுக்கெல்லாம் ரொம்பப் பிந்தியவன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நண்பர்களோடு ஓர் அணைப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போனான். அவனோடு சேர்த்து ஐந்து பேர். சாயங்காலம் தண்ணீர் ஓரத்தில் அந்திப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒன்றாக நின்று ஒரு படம் எடுக்கலாம் என்று கூப்பிட்டபோதுதான் அவன் இல்லை என்பதே மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது இறங்கினான், எங்கே வழுக்கினான், ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம்கூடக் கேட்கவில்லையாம்.

துக்கம் கேட்கப் போனேன். அவன் கடைசியாகத் தங்கைக்கு அனுப்பியிருந்த படத்தை அவன் அம்மா காட்டினாள். நல்ல படம். அடிவானம் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். “நாலு பேரு கூட இருந்தாங்களே டீச்சர். ஒருத்தருமா பாக்கல?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாலு பேரும் நல்ல பையன்கள்தான். குடிக்கவில்லை, ஆட்டம் போடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தை அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அந்தி நேரத்துக் கரையில் ஆபத்தே அதுதான். எத்தனை பேர் போனாலும் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் இருக்கும். இருபது பேர் இருந்தும் காவலுக்கு ஒருவர் இல்லை.

2011 முதல் 2017 வரை செல்ஃபி எடுக்கும்போது உலகம் முழுவதும் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். 259 பேர். அதிகம் பேர் நம் நாட்டில். காரணங்களில் முதலில் நிற்பது தண்ணீரில் மூழ்குவது. செய்தியில் வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். தண்ணீர் ஓரத்தில் அந்தியைப் பார்க்கவோ படம் எடுக்கவோ கூட்டமாகப் போனால், ஒருவர் கட்டாயம் சூரியனைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்து நிற்கவேண்டும். கையில் போன் இல்லாமல். முறை வைத்து மாறிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிமிடம்கூட அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது.

“பெரியவங்க எல்லாரும் கூடவே இருக்கோமே, அது போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. காரணம் இருக்கிறது. மறைகிற சூரியன் சாந்தமாகத் தெரியும். அதைப் பார்த்த கண்ணால் உடனே காலடியைப் பாருங்கள். பச்சையும் ஊதாவுமாக ஒரு பொட்டு மிதக்கும், கல்லும் தெரியாது, பாசியும் தெரியாது. போன் திரையின் வெளிச்சமும் அதையேதான் செய்கிறது. நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி குறுகியது. விளிம்பு அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழு வட்டமும் மறைய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குப் பிறகு ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம்தான். கண் பழகுவதற்குள் வெளிச்சம் போய்விடும். அந்த நேரத்தில் படம் எடுப்பவர் பெரியவரானாலும் சின்னவரானாலும் பாதி குருடுதான். சூரியனைப் பார்க்காதவருக்கு மட்டும்தான் கரை தெரியும்.

“தடுப்புக் கம்பி போடவேண்டியது அரசாங்கத்தின் வேலை” என்று சிலர் சொல்வார்கள். போடட்டும், நல்லதுதான். ஆனால் 16 கிலோமீட்டருக்குக் கம்பி போட்டாலும், ஊருக்கு ஊர் இருக்கிற ஏரி, குளம், ஆற்றுத்துறை எல்லாவற்றுக்கும் போட முடியுமா? கம்பி இருக்கிற இடத்தில் கம்பிமேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

“போனைக் கீழே வச்சுட்டு கண்ணால பாருங்கப்பா” என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. படம் எடுக்கிற பிள்ளை, எடுக்காத பிள்ளையைவிடக் கூர்ந்து பார்க்கிறது என்பதைத்தான் அந்த இரண்டு நாளும் பார்த்தேன். எந்த மேகம் முதலில் சிவக்கிறது, தண்ணீரின் நிறம் வானத்தைவிட ஏன் ஒரு மாற்றுக் கறுப்பாக இருக்கிறது என்று அதுகள்தான் கேட்டன. படம் எடுக்கட்டும். எங்கே நின்று எடுப்பது என்பதைத்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

மறுநாள் காலையில் குழந்தைகளை உட்காரவைத்து அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பையனிடம், “எதுக்குடா கீழ இறங்கினே?” என்று கேட்டேன். “அந்தத் தங்கக் கோடு கிட்டக்க வரணும்னு டீச்சர்” என்றான். அந்தக் கோடு எப்படி உண்டாகிறது? தண்ணீரில் ஓயாமல் சிற்றலைகள். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு குட்டிக் கண்ணாடி. எந்தெந்தக் கண்ணாடி சரியான சாய்வில் இருந்து சூரியனை என் கண்ணுக்குத் திருப்புகிறதோ, அதெல்லாம் சேர்ந்து ஒரு பாதையாகத் தெரிகிறது. என் கண்ணுக்கு வருவது வேறு, பத்தடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு வருவது வேறு. அதனால் ஏரிக்கரையில் நூறு பேர் நின்றால் நூறு பாதை. ஒவ்வொருவருக்கும் அது தன்னை நோக்கி வருவதாகவே தெரியும். நடந்து பாருங்கள், கூடவே வரும். மேட்டில் நின்றால் தண்ணீர்ப் பரப்பு இன்னும் அதிகமாகத் தெரியும், பாதையும் நன்றாகத் தெரியும். அதைத் தேடி ஒரு படிகூடக் கீழே இறங்கவேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்” என்றான். நியாயமான கேள்வி. சொல்லியிருக்கவேண்டும்.

பிறகு குழந்தைகளே சட்டம் போட்டார்கள். காவல் நிற்பவருக்கு “முதுகு” என்று பெயரும் வைத்துவிட்டார்கள். “இன்னைக்கு முதல் முதுகு யாரு?” என்று ஒரே சண்டை. சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னாலிருந்து மறைந்து இருபது நிமிடம் வரை ஐம்பது நிமிடம். ஆளுக்குப் பத்து நிமிடம், ஐந்து பெரியவர்கள். ஒவ்வொருவர் கூடவும் ஒரு குழந்தை உதவிக்கு. ஏறுவதற்கு முன் ஒரு எண்ணிக்கை, இறங்கிய பிறகு ஒரு எண்ணிக்கை. ‘முதுகு’ தண்ணீர் விளிம்பில் போய் நிற்கக்கூடாது. வரிசையின் முனையில், மேட்டிலேயே நிற்கவேண்டும். தண்ணீர்ப் பக்கம் மட்டுமல்ல, சாலைப் பக்கமும் பார்க்கவேண்டும். படத்துக்காகப் பின்னால் நகர்கிறவர்களுக்குப் பின்னால்தான் பேருந்து வருகிறது.

‘முதுகு’ நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று நினைக்காதீர்கள். இது 31 வருட அனுபவம். சூரியனுக்கு முதுகைக் காட்டினால் எதிரே தெரிவது, அந்த வெளிச்சம் விழுகிற முகங்கள். படக்காரர்கள் பொன்னேரம் என்று தேடி அலைகிற வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. கறுத்த பிள்ளை, வெளுத்த பிள்ளை எல்லாம் செம்புச் சிலைபோல நிற்கும். முகங்களுக்குப் பின்னால் கிழக்கு வானம். சூரியன் மறைந்ததும் அந்தப் பக்கத்தில் அடிவானத்திலிருந்து நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும், அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொன்று. கீழே இருக்கிற நீலப்பட்டை வேறொன்றுமில்லை, நாம் நிற்கிற பூமியின் நிழல். அறுப்புக்கு நிற்கிற சம்பா வயலுக்கு மேலே பூமியின் நிழல் எழும்புவதை, மேற்கே பார்த்துக்கொண்டிருந்த யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம். கரைமேல் ஏறினோம். எண்ணியாயிற்று, 21. என் கால் மறுபடியும் வரிசையின் முனைக்குத்தான் போயிற்று. அங்கே அந்தச் செவிலியர் பெண் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கையில் போன் இல்லை. பக்கத்தில் அவள் மகன்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க டீச்சர்” என்றாள்.

“இல்லம்மா, எனக்குப் பழக்கம்.”

“கன்னியாகுமரியில நாங்க கத்தினப்ப நீங்க பாக்கவே இல்லன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். இன்னைக்குப் பாருங்க. நான் எண்ணிக்கிறேன்.”

திரும்பினேன். சூரியன் அடிமரங்களைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. தண்ணீரிலிருந்து பாதை நேராக என்னை நோக்கி வந்தது. கண்ணாடி நனைந்துவிட்டதால் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பேத்தி சொல்லிக்கொடுத்தபடி, திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, ஒளியைக் கொஞ்சம் குறைத்து, ஒரே ஒரு படம் எடுத்தேன். அதுதான் கீழே இருப்பது. அடிவானம் சாய்ந்திருப்பதற்குக் கைநடுக்கம்தான் காரணம். பின்னால் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு.

இருபத்தொன்று வரை கேட்டபிறகுதான் முழுசாகப் பார்த்தேன்.

கோடை விடுமுறை வருகிறது. அணைக்கும் ஏரிக்கும் கடற்கரைக்கும் போவீர்கள், கூடாரம் போடுவீர்கள், படம் எடுப்பீர்கள். நன்றாக எடுங்கள், எனக்கும் அனுப்புங்கள். கிளம்புவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்கு ‘முதுகு’ யார்? பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அன்றைக்கு அந்த ‘முதுகு’ நீங்களாக இருங்கள்.

அந்த அம்மாவுக்குப் பத்து வருடம் கழித்து என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான். பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம்.